கரட் தின்ற நத்தைகள்

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து குசினி யன்னலைத் திறந்தேன். வெளியே கொளுக்கியில் தொங்கிய வலைப்பைக்குள் நத்தைகள் கரட் தோலைத் தின்றுகொண்டிருந்தன.

"அண்ணை, ஆர் இதுகளுக்குச் சாப்பாடு போட்டது?"

"நான்தான். வியாழக்கிழமை கொண்டுவந்து கட்டித் தூக்கினாய். ஒரு இலையெண்டாலும் போட்டியா? வீட்டை வந்த சீவன் பட்டினி கிடக்கிறதோ?"

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. பிரான்சில், லா சப்பல் என்ற தமிழர் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் படுத்தெழும்பிய ஒற்றை அறையில் வயதில் மூத்தவர். அதனால் எல்லோருக்கும் அண்ணை. வாடகைப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. அவருடைய பெயரும் என்னுடைய பெயரும் அதில் இல்லை. படியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்தே ஏறுவார், இறங்குவார்.

"அதுகள் பட்டினிதான் கிடக்கோணும் அண்ணை. வயிறு வெறுமையானால்தான் அவிக்கலாம்."

"நத்தைக்கு என்னடா விரதம்? கந்தசட்டியோ?"

கட்டிலில் கிடந்த, கத்தோலிக்கனான மன்னார்க்காரன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்: "அண்ணை, உவை வேதக்கார நத்தையள். தவசுகாலம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நத்தைகள் கீழ்த்தளத்தில் இருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் அம்மாவுடையவை. அவருடைய கையெழுத்து இல்லாமல் புதன்கிழமை வதிவிட அனுமதி கொடுக்கும் பிரிபெக்சர் கந்தோரில் என் அலுவல் நடக்காது.

அவர் போர்த்துக்கேயர், லிஸ்பன்காரி. எங்கள் கட்டடத்தின் படிகளைக் கழுவி, கடிதங்களைப் பகிர்ந்து, வாசலோரச் சிற்றறையில் புருசனோடு குடியிருந்தார். ஓகஸ்ட் பிறக்கும் முன் ஊருக்குப் போய்விடுவார். போவதற்கு முன் ஒரு ஞாயிறு முற்றத்தில் மேசை போட்டுத் தன் ஊராருக்கு நத்தை அவித்துக் கொடுப்பார். அவருடைய அறை அடுப்புப் போலக் கொதிக்கும். எங்கள் குசினி யன்னலோ வடக்குப் பார்த்தது, வெயில் படாது. அதனால் பை எங்களிடம் வந்தது. "தண்ணியும் இல்லை, இலையும் இல்லை" என்று இரண்டுமுறை சொன்னார். நான் இரண்டுமுறை தலையாட்டினேன். அறையில் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. நத்தைக்குச் சமைத்துப் போட எங்கள் அறையில் ஆள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் வதிவிடத் துண்டு முடியப்போகிறது. புதுப்பிக்க, நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்று ஒருவர் எழுதித் தரவேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால் மேலே வந்து தலைகளை எண்ணுவார். மிஞ்சியது இந்த அம்மா. கேட்டபோது, "ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் பார்ப்போம்" என்றவர் உடனே நத்தைக் கதைக்குத் தாவிவிட்டார். லிஸ்பனில் எங்கே தின்ன வேண்டும்? ஆற்றங்கரையில் மேசை விரித்திருக்கும் கடைகளில் இல்லை. மேட்டுத் தெருக்களில் ஏற வேண்டும். கோடை வந்ததும் கதவுக் கண்ணாடியில் 'நத்தை உண்டு' என்று கையால் எழுதிய கடதாசி ஒட்டியிருக்கும். உள்ளே நின்றபடி குடிக்கிறவர்கள் நகத்தளவு நத்தைகளைக் குண்டூசியால் இழுத்துத் தின்று, ஓட்டைத் தட்டில் குவிப்பார்கள். குவியல் எந்தக் கடையில் உயரமோ அந்தக் கடைக்குப் போ. நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எல்லை தாண்ட ஒரு தாளும் கையில் இல்லாதவன், லிஸ்பன் மேட்டுத் தெருக்களுக்கு வழி எழுதினேன்!

அன்று மாலை நத்தைகளைக் கோப்பை கழுவும் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். கரட் தின்ற நத்தையின் கழிவு செம்மஞ்சளாகத்தான் வருகிறது. நூல்நூலாக வந்தது. ஐந்து தண்ணீர் மாற்றியும் நிற்கவில்லை. சொல்லாமல் கொடுத்துவிடலாமா? தின்ற பிறகு யாருக்காவது வயிற்றைக் கலக்கினால்? கையெழுத்து வாங்கிய பிறகு சொல்லலாமா? அது அதைவிடக் கேவலம்.

ஞாயிறு காலை ஒரு கையில் பை, மறு கையில் அவர் கையெழுத்திட வேண்டிய முகவரித் தாள். கீழே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உனக்கு நான் ரெண்டுதரம் சொன்னனான். நீ படிச்ச பிள்ளை, விளங்காமல் விட்டிருக்க மாட்டாய். அப்ப இது வேற ஆள். மேலை எத்தினை பேர்?"

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. நத்தை வழியாக அறைக்குள் வந்துவிட்டார். இரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அந்த மற்றவன்தான் கரட் போட்டான் என்று இன்னொரு பொய்யும் வளர்க்க வேண்டும்.

"ஐஞ்சு."

"நான் ஏழு எண்டெல்லோ நினைச்சன்."

பிறகு, தான் பிரான்சுக்கு வந்த புதிதில் ஷம்பினியில் சேற்றுக்குள் பலகைக் குடிசையில் பதினொரு பேர் கிடந்ததைச் சொன்னார். நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கரட் போட்டவரைக் கூட்டிக்கொண்டு வா."

மேலே போய் அண்ணைக்குச் சொன்னேன். நல்ல சேட்டு ஒன்றைப் போட்டார். தன் கடதாசிகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையோடு சேட்டுக்குள் செருகிக்கொண்டார். "பொலிஸ் நிக்குதோடா?" என்று படி முழுக்கக் கேட்டபடி இறங்கினார். எனக்கும் நிச்சயமில்லை.

கொன்சியேர்ஜ் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாலு மணிக்கு ஆக்கள் வருவினம். நத்தை இல்லை. மீன் வெட்டத் தெரியுமோ?"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை மூச்சை விட்டார். "மீனோ? கத்தியைக் கொண்டுவரச் சொல்லு."

சந்தையில் வாங்கிவந்த இரண்டு பெட்டி மத்தி மீனை முற்றத்தில் குந்தியிருந்து சுத்தம் செய்தார். சேட்டுக்குள் பொலித்தீன் பை சரசரத்தது. அப்போதுதான் அந்த அம்மா கையைத் துடைத்து, என் தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கீறிக் கையெழுத்திட்டார். ஓரத்தில் ஒரு மீன் செதிள் ஒட்டியது. அதைச் சுரண்டினால் தாள் கிழியுமோ என்று அப்படியே விட்டேன்.

பை திரும்பவும் எங்கள் யன்னலுக்கே வந்தது. நத்தைகள் இன்னும் இரண்டு நாள் விரதம் இருந்தன. அண்ணை குசினிப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன். செவ்வாய் மாலை அந்த அம்மாவின் சட்டியில் உள்ளி, உப்பு, மிளகாயோடு அவை அவிந்தன. நான் ஒரு கோப்பை தின்றேன். ருசி நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் நினைவெல்லாம் அடுத்த நாள் காலையில் இருந்தது.

பிரிபெக்சரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அந்தத் தாளை வாசிக்கவில்லை. மற்றத் தாள்களோடு சேர்த்துக் கிளிப் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு துண்டு தந்து, முடியும்போது புதிதாக ஒரு கடிதம் எழுதுவித்துக்கொண்டு வா என்றாள். மெத்ரோவில், துண்டு முடியும் ஒக்ரோபர் கடைசிவரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததில் லா சப்பல் கடந்துபோய்விட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.