தடங்கல் பேசிய நாலு நிமிடம்

கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரமே அவளுக்குத் ‘தடங்கல்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சி முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். ஆளுக்கு நான்கு நிமிடம், வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். அவள் ‘காலத்தின் அருமை’ என்று தலைப்பு எடுத்து, இரண்டு பக்கம் எழுதி, நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். “காலம் என்பது கரைபுரண்டோடும் காட்டாறு” என்று ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் ஆறு வற்றிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல், “தடங்கலுக்கு வருந்துகிறோம்!” என்றது. வகுப்பே சிரித்தது. கடிகாரத்தைக் கையில் வைத்திருந்த பேராசிரியையும் சிரிப்பை அடக்க முயலவில்லை.

“நாப்பது செகண்ட். போய் உட்காரு. மாசக் கடைசியில இன்னொரு வாய்ப்பு. அதுலயும் இதே கதைன்னா அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உட்காரணும்.”

வீட்டிலும் ஆறுதல் சொல்ல ஆளில்லை. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். மிச்சம் அண்ணி. அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டிலிருந்த ஒரே மேசையில் அண்ணியின் தையல் மெஷின் இருந்தது. தங்கை கல்லூரிக்குப் போகிறாளே என்று அண்ணன் அதைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு மேசையை அவளுக்குக் கொடுத்தான். அன்று சுவர்ப் பக்கம் திரும்பிய அண்ணியின் முகம் பிறகு இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

போதாக்குறைக்கு, சனி ஞாயிறுகளில் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டிலிருந்த சலவைக்கூடம். வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, விரிப்புகளை மெஷினில் போட்டு, காய்ந்ததை மடிக்க வேண்டும். மடிக்க எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். அண்ணியின் வாய்க்குப் பயந்து வேறு யாரும் அவளோடு நிற்பதில்லை. அதனால் அந்த இடம் இவள் தலையில் விழுந்தது.

விரிப்பின் முனையைப் பிடித்தபடி அவள் புதிய பேச்சை முணுமுணுத்துப் பார்த்தாள். “ஒற்றுமை என்பது...”

“ஒத்துமையா? யாரு, நீயும் நானுமா?” என்றாள் அண்ணி.

“காலேஜ்ல பேசறதுக்கு, அண்ணி.”

“நீ சொல்றது உனக்கே புரியல. கேக்கறவனுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?”

அவளுக்கு அண்ணியை ஒரு அறை விடலாம் போலிருந்தது. சொன்னது உண்மை என்பதால் கோபம் இரட்டிப்பானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூட்டை ஒன்றைப் பிரித்த அண்ணி, “ஆ!” என்று கையை உதறினாள். கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஊசி ஏறியிருந்தது. நோயாளிக்குப் போட்டுவிட்டு யாரோ விரிப்போடு சுருட்டிவிட்ட ஊசி. சூப்பர்வைசர் வந்தார். ரத்தத்தைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தார்.

“கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பாக்குற? கவனக்குறைவுன்னுதான் எழுதுவேன்.”

ஒன்பது பேரை ஒரே மூச்சில் வாயடைக்க வைக்கும் அண்ணி, முகம் வெளுத்துப்போய் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் குறுக்கே போனாள்.

“இந்த மாசம் இது மூணாவது ஊசி, சார். மூணும் ஒரே வார்டு மூட்டையில வந்துச்சு. மத்த ரெண்டும் அந்த டப்பாவுல இருக்கு, பாருங்க. கவனக்குறைவு யாருதுன்னு அப்புறம் எழுதுங்க. முதல்ல இவங்களை டாக்டர்கிட்ட அனுப்புங்க.”

ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. வேலையாட்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இவளைப் பார்த்து, “நீ அடுத்த வாரத்துலேருந்து வர வேண்டாம்” என்றார்.

ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த பெஞ்சில் அண்ணி சீறினாள். “உன்னை யாரு நடுவுல பேசச் சொன்னா? உனக்குப் படிப்பு இருக்கு, எனக்கு இது ஒண்ணுதான். என்னையும் நிறுத்திட்டா உன் பேச்சையா வடிச்சுக் கொட்டுவேன்?”

 பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. அங்கே சொல்ல ஒரு விஷயம் இருந்தது. கேட்டாக வேண்டிய ஆள் கண்ணெதிரே நின்றார். வீட்டுக்கு வந்ததும் ஒற்றுமையைக் கிழித்துப் போட்டாள். புதிய தாளில் மூன்றே வரி எழுதினாள்: என்ன நடந்தது, யாருக்கு, இனி என்ன செய்யணும்.

மாதக் கடைசியில் அவள் எழுந்ததுமே, “தடங்கல் வந்தாச்சு!” என்று கட்டைக் குரல் வரவேற்றது. சிரிப்பு. அவள் தொடங்கவில்லை. அந்தக் குரல்காரனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேரம் ஓடுது” என்றார் பேராசிரியை.

“தெரியும் மேடம். இவங்க சிரிச்சு முடிக்கட்டும்.”

சிரிப்பு தானாகத் தேய்ந்து அடங்கியது.

“போன ஞாயித்துக்கிழமை எங்க அண்ணி கையில ஆஸ்பத்திரி ஊசி குத்திடுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனா அந்த நிமிஷம் அவங்க முகத்தை நான் பாத்தேன்.”

சலவைக்கூடத்துப் புதுக் கையுறை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். விரல்கள் அதன் வழியே தெரிந்தன. குரல் நடுங்கிய இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசியாக, “உங்க வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில வேலை பாத்தா இன்னைக்கே சொல்லுங்க. ஊசியை விரிப்புல விடாதீங்க. அந்த மூட்டையைப் பிரிக்கிறதும் ஒரு கைதான்” என்று முடித்தாள்.

யாரும் கைதட்டவில்லை. கட்டைக் குரல்காரன்தான் கேட்டான்: “அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“முதல் டெஸ்ட்ல ஒண்ணுமில்ல. இன்னும் ரெண்டு இருக்கு.”

“பத்து செகண்ட் அதிகம். கையை ரொம்ப ஆட்டுற. பாஸ்” என்றார் பேராசிரியை, தலை நிமிராமல்.

இரண்டாம் வரிசையிலிருந்த ஒருத்தியின் அம்மா அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பத்து நாளில் வார்டுக்கு வார்டு பயன்படுத்திய ஊசிகளைப் போடத் தனிப் பெட்டி வந்தது. எல்லாம் தன் ஏற்பாடு என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டார். அண்ணியை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இவளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கடைசி டெஸ்டின் முடிவு வந்தது. அண்ணி அதை இவளிடம் சொல்லவில்லை. போனில் அண்ணனிடம், “ஒண்ணும் இல்லையாம்” என்றாள். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு தடவை.