கையெழுத்தாகாத ஒப்பந்தமும் ஓர் அஸ்திக் கலயமும்

காலைச் செய்தி முடிந்ததும் முட்சுவோ வானொலியை அணைத்துவிட்டுப் பூசைமாடத்தின் பக்கம் திரும்புவார். "இன்னிக்கும் கையெழுத்து ஆகலப்பா. அவங்க ஒண்ணு சொல்றாங்க, நம்மாளுங்க ஒண்ணு சொல்றாங்க." மாடத்தில் வெள்ளைத் துணி சுற்றிய பீங்கான் கலயம். உள்ளே அப்பாவின் அஸ்தி.

முட்சுவோ ஜப்பானின் வடகிழக்குக் கோடியிலுள்ள நெமுரோவில் கடற்பாசி எடுப்பவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ரஷ்யர்கள் பிடித்துக்கொண்ட தீவில் பிறந்தவர் அவருடைய அப்பா. "சமாதான ஒப்பந்தம் ஆகட்டும். அப்புறம் என்னை அங்க எங்கம்மா பக்கத்துல வைங்கடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். போருக்குப் பின் பிறந்த முட்சுவோவுக்கே தலை நரைத்துவிட்டது. பேச்சுவார்த்தை மட்டும் கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. தீவிலுள்ள கல்லறைகளைப் பார்க்கப் போய்வந்த கப்பலையும் நிறுத்திவிட்டார்கள், புண்ணியவான்கள்.

தீவு இருக்கும் திசையைப் பார்த்துத்தான் மனிதர் பல் துலக்குவார். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாத நாளிலும் அதே திசைதான். கடலில் நீண்ட கழியால் பாசியை முறுக்கி இழுக்கும்போது எல்லைக்கு அப்பால் ரஷ்யக் காவல் படகு தெரிந்தால், கழியைப் பிடித்தபடியே தலைகுனிந்து ஒரு வணக்கம் போடுவார். கேட்டால், "சண்டை பெரிய இடத்துல. அவனுக்கும் எனக்கும் என்ன வாய்க்கா தகராறா?" என்பார்.

கரையில் கூழாங்கற்கள் மேல் பாசியை உலர்த்தும் மனைவி சச்சியேவுக்கு வாய் கொஞ்சம் காரம். "அப்பாவும் பிள்ளையும் பேசிக்கிட்டே இருங்க. மாமாவைத்தான் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நடுத்தெருவுல நிறுத்தி வச்சிருக்கீங்க."

முன்னோர்கள் வீட்டுக்கு வந்து திரும்பும் ஓபோன் நாட்களில் குஷிரோவிலிருந்து தங்கை நொபுகோ வந்தார். "அண்ணே, அவங்கவங்க வந்துட்டு அவங்கவங்க இடத்துக்குப் போறாங்க. அப்பாவுக்குத்தான் போக இடமில்ல. ஊர்க் கல்லறையில வச்சிருவோம்."

"கையெழுத்து ஆகட்டும்மா."

"உனக்கும் எழுபது ஆகப்போகுது. நீயும் போயிட்டா, காலையில அவருகிட்ட செய்தி சொல்ல யார் இருக்கா?"

மறுநாள் காலையில் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முட்சுவோவே ஊர்க் கல்லறையை நோக்கி முன்னால் நடந்தார்.

பிக்கு மந்திரம் ஓதி முடித்தார். கலயத்தைக் குழிக்குள் இறக்கிய கல்தச்சர், மூடிக்கல்லை நகர்த்திவைத்து விளிம்பைச் சுற்றிச் சிமென்ட் பூச ஆரம்பித்தார். பாதிச் சுற்று ஆவதற்குள் முட்சுவோ மண்டியிட்டு, பூச வேண்டாமென்று தடுத்துவிட்டார்.

"ஐயா, பூசலேன்னா மழைத்தண்ணி உள்ள இறங்கிடும்."

"கையெழுத்து ஆனா திறக்கணுமே" என்றார் முட்சுவோ, நிமிராமல். ஆள்காட்டி விரலை வளைத்து, ஈரம் காயாத சிமென்டை விளிம்போடு வழித்தெடுத்துக்கொண்டே போனார்.