எல்லாருக்கும் சேர்த்து

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டி இருக்கிறது. மருந்துக் கடையில் ஐஸ் வைத்து ஊசி மருந்து கொடுத்தனுப்புகிற பெட்டி. ஒரு மூலை உடைந்து, வெள்ளை பழுப்பாகி, தூக்கினால் கையில் துகள் ஒட்டுகிறது. அதன் மூடியில் மதினி நீலப் பேனாவால் 'யாரும் தொடாதீங்க' என்று எழுதியிருந்தார். மை எப்போதோ மங்கிவிட்டது. ஆனால் பேனா அழுந்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. விரல் வைத்துத் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய சாமான் எத்தனையோ கழித்துக் கட்டினோம். இதைத் தூக்கிப் போட மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. நான் கல்லூரியில் படிக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தவர். கோச்சடையில் ஆற்றுப் பக்கம் இருக்கிற வீடு. கீழே அப்பா, அண்ணன், மதினி, அவர்களுடைய மகள். மாடியில் நானும் என் மனைவியும். அடுப்பு மட்டும் ஒன்றுதான். எதைச் செய்தாலும் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். அம்மா போன பிறகு, எங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோமோ என்ற பயத்தில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். செருப்பு வாங்கினால் ஒரே நாளில் ஒரே கடையில் எல்லாருக்கும். தெருமுனையில் கண் பரிசோதனை முகாம் போட்டால், கண் நன்றாகத் தெரிகிறவர்களும் போய் வரிசையில் நிற்க வேண்டும். பூச்சி மாத்திரையைக்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து விழுங்கியதுதான். தெருவில் கேலி செய்வார்கள். எனக்கும் எரிச்சலாக வரும். மதினிக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. தாயில்லாமல், கொஞ்ச நாள் சித்தி வீடு, கொஞ்ச நாள் மாமா வீடு என்று வளர்ந்தவர் அவர். எல்லாருக்கும் என்று சொல்லும்போது தன்னையும் சேர்த்துச் சொன்ன முதல் வீடு இதுதான் என்று என் மனைவியிடம் ஒருமுறை சொன்னாராம். அப்பா போட்ட சட்டத்துக்கு அப்பாவைவிட அவர்தான் காவல்.

ஊசிப் பேச்சு ஆரம்பித்தது அப்பாவால். மழைக்காலம் வந்தால் அவருக்கு நெஞ்சில் சளி கட்டும். ஒரு வருடம் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார். எங்கள் தெரு டாக்டரம்மா, ஃப்ளூ காய்ச்சலுக்கு வருடம் ஒரு முறை போடுகிற தடுப்பூசி இருக்கிறது, வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் மழைக்கு முன்னாலேயே போட்டுக்கொள்வது நல்லது என்றார். மதினிக்குச் சர்க்கரை இருந்தது. அவரையும் கட்டாயம் போடச் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் பேச்சு. அண்ணனுக்கு மோட்டார் ரிப்பேர் கடை. கடைக்கு வந்து போகிறவர்கள் சொன்னதெல்லாம் அவர் வாயில் இருக்கும். "ஊசியப் போட்டு அதுலயே காய்ச்சல் வந்து படுத்தவுக இருக்காக" என்றார். "வருசா வருசம் போடணும்னா அது என்ன ஊசி? நிக்காத மருந்தால்ல இருக்கு" என்றார் அப்பா. நான் செய்தித்தாளில் படித்ததைச் சொல்லப் போய், இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். மதினி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கை வலிக்கும், ஒருநா உடம்பு கதகதன்னு இருக்கும், அம்புட்டுத்தான்னு டாக்டரம்மா சொன்னாக. அந்தக் கிருமி வருசா வருசம் வேற வேசம் போட்டு வருதாம், அதான் வருசா வருசம் ஊசி. ஆஸ்பத்திரியில மாமா மூச்சுக்குத் தவிச்சதப் பக்கத்துல இருந்து பாத்தவ நானு. இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது." அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "போட்டா எல்லாரும் போடணும். இல்லேன்னா யாருக்கும் வேணாம்" என்றார். "அதத்தான் மாமா நானும் சொல்றேன்" என்று மதினி சிரித்தார்.

டாக்டரம்மாவிடம் அந்த மருந்து இருப்பு இல்லை. மருந்துக் கடையில் சொல்லி வைத்து வாங்கி வந்தால் போட்டுவிடுவதாகச் சொன்னார். மதினியே கடைக்கு நடையாய் நடந்து, ஒரு நாள் மத்தியானம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வந்ததும் மூடியில் எழுதி, ஃபிரிட்ஜில் நடுத்தட்டைக் காலி செய்து வைத்தார். சாயங்காலமே எல்லாரும் கிளம்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் கீழக்குயில்குடிப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர்ப் பயணம் கிளம்ப மாட்டார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஊசி போடக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது அப்பா தானாகச் சேர்த்துக்கொண்டது. "சாமி கும்பிட்டு முடியட்டும் தாயி. ஊசி எங்க ஓடிப்போகுது" என்றார். மதினி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

திருவிழாவுக்கு நடுவில் ஒரு நாள், பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. மதினியும் என் மனைவியும் ஊரில் முளைப்பாரி வேலையாக இருந்தார்கள். கரண்டைப் பற்றி எங்கள் வீட்டில் அண்ணனுக்குத்தான் தெரியும். முந்தின நாளே பெட்டியைத் திறந்து ஊசி அட்டைகளை எடுத்து, ஐஸ் கட்டிக்கு நடுவில் ஃப்ரீசருக்குள் பத்திரமாக அடுக்கிவிட்டார். கரண்ட் போனாலும் சில்லென்று இருக்குமே என்ற நினைப்பு. பெண்டாட்டி அலைந்து வாங்கி வந்தது கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறைதான். கரண்ட் வந்த பிறகும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். திருவிழா முடிந்த மறுநாள் குடும்பத்தோடு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்பிப் போனோம். டாக்டரம்மா அட்டையைத் தொட்டுப் பார்த்தார். "எதுல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அண்ணன் பெருமையாகவே சொன்னார். உறைந்துபோன மருந்தைப் போடக் கூடாது, பலன் இருக்காது என்று சொல்லி, எல்லாவற்றையும் அவர் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். திரும்பி வரும்போது அண்ணன் எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மதினிதான், "விடுங்க, மருந்துக்கே சளி பிடிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அதற்காக அண்ணனை அவர் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

மறுபடி சொல்லி வைத்தோம். வரும் என்றார்கள், வரவில்லை. தீபாவளி வந்தது, கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் மருந்துக் கடையிலிருந்து போன். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திருமங்கலத்தில் வாத்தியார் வேலை எனக்கு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மதினி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இட்லி எடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. உங்களுக்கு எடுத்து வைக்கவா?" என்று கடைப் பையன் கேட்டது எனக்கும் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டது, அண்ணனுக்கும் கேட்டது. "ஒண்ண வாங்கி யாருக்குப்பா போடுறது? மொத்தமா வரட்டும்" என்று மதினி சொன்னார். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எங்களுக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. அந்த ஒன்றை அப்பாவுக்குப் போட்டிருக்கலாம், மதினிக்குப் போட்டிருக்கலாம். ஒன்று என்பது எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

காய்ச்சல் முதலில் அப்பாவுக்குத்தான் வந்தது. அடுத்தடுத்து எல்லாரும் விழுந்தோம். அதிலும் எல்லாரும் சேர்ந்துதான். மதினி மட்டும் நின்றுகொண்டிருந்தார். மிளகு ரசம், அரிசிக் கஞ்சி, ஈரத்துணி என்று மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினார். நாங்கள் எழுந்து உட்கார்ந்தபோது அவர் படுத்தார். அலுப்பு என்றார். நாங்களும் அலுப்பு என்றே நம்பினோம். பேசும்போது வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சு முழுக்கச் சளி இறங்கிவிட்டது, சர்க்கரை வேறு ஏறிக் கிடக்கிறது என்றார்கள். கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தேன். முகத்தில் மாட்டியிருந்த மூடிக்குள் அவர் வாய் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று நர்ஸிடம் விசாரித்தேன். மாமா சாப்பிட்டாரா என்று கேட்டாராம். அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

கருமாதி முடிந்து டாக்டரம்மாவைப் பார்க்க அண்ணன் போனார், கூட நானும் போனேன். "அந்த ஊசி போட்டிருந்தா அவ இருந்திருப்பாளா?" என்று கேட்டார். இருந்திருப்பார் என்று சொன்னாலும், இருந்திருக்க மாட்டார் என்று சொன்னாலும் அண்ணன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். டாக்டரம்மா நேர்மையானவர். "நிச்சயமாச் சொல்ல முடியாது. ஊசி போட்டவங்களுக்கும் காய்ச்சல் வரும். ஆனா இந்த அளவுக்கு முத்தாம இருக்க வாய்ப்பு அதிகம்" என்றார். அந்த வாய்ப்பு என்ற சொல்லோடுதான் அண்ணன் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறார்.

இப்படி ஒரு சாவு விழுந்த வீட்டில், மறு வருடம் முதல் ஆளாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. ஆவணி பிறந்ததும் நான் பேச்சை எடுப்பேன். "அவளுக்கு இல்லாத ஊசி எனக்கு எதுக்குடா?" என்பார் அண்ணன். அண்ணன் வேண்டாம் என்றால் அப்பாவும் வேண்டாம் என்பார். எல்லாரும் இல்லை என்றால் யாருக்கும் இல்லை. நான் மட்டும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு வந்து, அண்ணன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ன என்னாலும் முடியவில்லை. மதினி எதற்காக நடையாய் நடந்தாரோ, அதை அவர் பேரைச் சொல்லியே நாங்கள் வருடா வருடம் தள்ளிவிட்டோம். அண்ணனைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று ஆத்திரமாகவும் இருக்கும்.

இந்த வருடம் அண்ணன் மகள் வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ள அம்மா இல்லாத வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போட்டுக்கொள்வது தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னாள். எல்லாருடைய கையும் தட்டில் நின்றது. அண்ணன் நிமிராமலே, "நீ போட்டுக்கம்மா. எனக்கு வேணாம்" என்றார். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "போட்டா எல்லாரும் போடணும்ப்பா. இல்லேன்னா எனக்கும் வேணாம்" என்றாள். பிடிவாதமா, அப்பாவை மடக்குகிற தந்திரமா, எனக்குத் தெரியவில்லை. குரல் அப்படியே மதினியுடையது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, ஃபிரிட்ஜின் மேலிருந்த பெட்டியை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

மருந்து வந்ததும் அண்ணன் அதே பெட்டியில்தான் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. எங்களையெல்லாம் டாக்டரம்மா வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு, கடையிலிருந்து நேராக அங்கே வந்தார். முதலில் மகள், பிறகு அப்பா, நான், என் மனைவி. கடைசியில் அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா பஞ்சால் துடைத்தார், குத்தினார், எடுத்துவிட்டார். அண்ணன் இன்னும் கையை நீட்டியபடியே இருந்தார். "முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டரம்மா. அண்ணன் தன் கையைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். "இம்புட்டுத்தானா டாக்டரம்மா?" என்று இன்னொரு முறை கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காத அழுகை அது. அப்பா அவர் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பெட்டியைக் கழுவி, வெயிலில் காய வைத்து எடுத்து வந்தார். "இனிமே எதுக்குப்பா அது, தூக்கிப் போட்டுருவோம்" என்றாள் மகள். அண்ணன் மூடியை மூடி, ஃபிரிட்ஜின் மேல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, ஊசி போட்ட கையைத் தொங்கவிட்டபடி, மற்றொரு கையின் விரலால் அந்தப் பள்ளங்களைத் தடவிக்கொண்டு நின்றார். 'யாரும்' என்ற சொல்லை விரல் தாண்டிவிட்டது. அடுத்த சொல்லான 'தொடாதீங்க'வில் நின்றுவிட்டது.