கிரெஸ்தனின் வயலூடாகப் போன பாதை

மனோரஞ்சிதம் டேனிஷ் மொழியில் பிழையில்லாமல் முதலில் பழகிக்கொண்ட வசனம் "நாங்கள் போகலாமா?" என்பதுதான். விவசாயி கிரெஸ்தனின் முற்றத்தைத் தாண்டும்போது சமையலறை ஜன்னலில் அவருடைய தலை தெரிந்தால் நின்று அதைக் கேட்பாள். அவர் கையை அசைப்பார். அதற்குப் பிறகுதான் அவளும் அவளோடு வேலைக்குப் போகும் மற்றப் பெண்களும் வயலுக்குள் போகிற வண்டிப் பாதையில் கால் வைப்பார்கள்.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே இருந்த சிறிய ஊர் அது. ஒரு பக்கத்தில் அகதிக் குடும்பங்களுக்குக் கொம்யூன் என்ற உள்ளூராட்சிச் சபை ஒதுக்கிக் கொடுத்த பழைய செங்கல் வீடுகள். மறுபக்கத்தில் பீட்ரூட்டையும் வெள்ளரிக்காயையும் வினாகிரியில் ஊறவைத்துப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை. இரண்டுக்கும் நடுவில் கிரெஸ்தனின் காணி. அதனூடாகப் போனால் நடந்தே வேலைக்குப் போய்விடலாம். சுற்றிப் போவதென்றால் நெடுஞ்சாலைதான். நடைபாதை கிடையாது; லொறிகள் உடம்பை உரசுவதுபோலப் போகும்; வேலை தொடங்கும் நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பாதை இல்லையென்றால் பனிக்காலத்து இருட்டில் அந்த வேலையைப் பிடித்துவைத்திருப்பது கடினம்.

மனோரஞ்சிதம் பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். எண்பத்து நான்காம் ஆண்டுக் கடைசியில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவள். கணவன் குணசேகரத்துக்கு எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வெட்டும் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். வழி கேட்டு நடக்கிற பழக்கத்துக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தகப்பனும் பெரியப்பாவும் வீட்டுக்குப் போகும் ஒரு ஒழுங்கைக்காக வருடக்கணக்காக வழக்காடியவர்கள். தகப்பன் வென்றார். ஆனால் பெரியப்பா இறந்தபோது இவர்கள் வீட்டார் யாரும் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. வழிக்காகக் கோட்டுக்கு ஏறுவதைவிட, வேலியில் ஒரு பொட்டு விடச் சொல்லிக் கேட்டு, அந்த இடைவெளியால் குனிந்து போய்வருவது மேல் என்று அவள் அப்போதே முடிவெடுத்துவிட்டாள். பொட்டால் போகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நாள் பெருநாளுக்குப் பலகாரமும் போகும். அதனால் தீபாவளிக்கும் டேனிஷ்காரரின் நத்தாருக்கும் கிரெஸ்தன் வீட்டுக்கு வடை போனது. அவரும் விரும்பித்தான் சாப்பிட்டார்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இங்கர் பாதை விஷயத்தைக் கிளப்பினாள். இங்கர் ஓய்வுபெற்ற தபால்காரி. வேலை செய்த காலம் முழுவதும் அந்தப் பாதையில் சைக்கிள் ஓடியவள். ஊர்ச் சனம் தங்கள் வழியென்று நினைத்துக் காலங்காலமாகப் பாவித்த பாதை அது, அதைச் சபை சட்டப்படி பொதுப் பாதையாக்க வேண்டும் என்று அவள் விண்ணப்பம் போட்டாள். வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தபோது மனோரஞ்சிதம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், கையெழுத்து வைக்கவில்லை. அவளோடு வேலைக்குப் போகும் புஷ்பராணி வைத்தாள்.

"சபை போட்டுத் தந்தால் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லையே அக்கா," என்றாள் புஷ்பராணி, அடுத்த நாள் வயலில் நடக்கும்போது.

"கேட்டால் உன்ர வாய் தேய்ஞ்சு போமோ? அந்த மனுசன் ஒருநாளும் மாட்டனெண்டு சொன்னதில்லை."

"நாளைக்குச் சொன்னால்?"

"உனக்கு எல்லாரிலையும் சந்தேகம். கட்டின மனுசனிலையும் சந்தேகம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். புஷ்பராணியும் சிரித்தாள்.

சபை கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன் கிரெஸ்தன் மனோரஞ்சிதத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பி கையில் இருந்தது. மறுகையில் ஒரு பை நிறைய அப்பிள். தான் ஏதோ வழியை மறிக்கிற கெட்ட மனிதன் என்பதுபோல ஊர் பேசுகிறது, நீ சபைக்கு வந்து நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார். ஒரு டேனிஷ்காரர் தன் வீடு தேடி வந்து தன் சாட்சியைக் கேட்கிறார் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதர் என்று சபைக்குத் தெரிந்தால் இவரோடு சண்டை பிடிக்காமலே பாதையைப் பொதுவாக்கிவிடுவார்கள், இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று நினைத்தாள். வருவதாகச் சொன்னாள்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மொழிபெயர்க்க ஓகூஸ் நகரத்திலிருந்து பாலேந்திரா என்ற இளைஞன் வந்திருந்தான். ரயிலடியிலிருந்து அவனைக் கூட்டிவந்தது கிரெஸ்தனின் கார்.

அந்தப் பாதையால் போகும்போது அனுமதி கேட்பீர்களா என்று சபைத் தலைவர் கேட்டார்.

"ஓம். கேளாமல் ஒருநாளும் போனதில்லை," என்றாள் மனோரஞ்சிதம். குரலில் பெருமை இருந்தது. "அது அவற்ர காணி. அவர் விடுறபடியால் போறம். அவர் தங்கமான மனுசன் எண்டு சொல்லும் தம்பி."

பாலேந்திரா ஒரு சொல் விடாமல் சொன்னான். முன்வரிசையில் இங்கர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சொந்தக்காரர் மனமுவந்து வழி விடுகிறார், போகிறவர்களே அது அவருடைய வழி என்கிறார்கள், கேட்டு நடந்த வழியில் உரிமை வராது, ஆகவே இதில் சட்டத்துக்கு வேலையில்லை என்று தலைவர் சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடியானது. கிரெஸ்தன் தூரத்தில் நின்று மனோரஞ்சிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எல்லோரும் எழுந்த பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. வாசலில் பாலேந்திராவை மறித்தாள்.

"தம்பி, இப்ப என்ன முடிவெடுத்தவை?"

"பொதுப் பாதை இல்லை அக்கா. நீங்கள் சொன்னதை வச்சுத்தான் தள்ளினவை."

"நான் அப்பிடிச் சொன்னால் இப்பிடி வருமெண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

அவன் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தான். "காரிலை வரேக்கை கிரெஸ்தன் சொன்னவர். நான் மொழிபெயர்க்க வந்தனான் அக்கா. புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை."

"தமிழிலை ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே. அதைக் கேக்கிறதுக்கு அங்கை வேற ஆர் இருந்தது?"

ரயிலுக்கு நேரமாகிறது என்று அவன் போய்விட்டான்.

முதல் பனி கொட்டிய கிழமையில் பாதையின் தொடக்கத்தில் இரும்புப் படலைக் கதவு ஒன்று வந்தது, பூட்டோடு. படலைக்கு அந்தப் பக்கம் கிரெஸ்தன் நின்றார். மற்றவர்கள் பூட்டைக் கண்டு திரும்பிப் போன பிறகு தனியாக வந்த மனோரஞ்சிதத்தைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து அந்தப் பூட்டுக்கான திறப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். இது உனக்கு, உனக்கு மட்டும் என்று மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார். மற்றவர்கள் இங்கரோடு சேர்ந்தவர்கள். நீ கேட்டு நடக்கத் தெரிந்தவள் என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஒரு பரிசு கொடுக்கிறவரின் முகம்தான் அது. ஜன்னலில் அவர் கையை அசைத்ததெல்லாம் வழி விட்டதல்ல, இந்த நாளுக்காகத் தன்னைப் பழக்கியது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவளால் வேறு விதமாக நினைக்க முடியவில்லை.

வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல அவளிடம் டேனிஷ் இருக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

நெடுஞ்சாலையில் மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, பள்ளத்தை ஒட்டி, டோர்ச் லைட்டைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஓடிப்போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டாள். முன்னால் போன புஷ்பராணி திரும்பி வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தாள்.

"என்னக்கா, உங்களுக்கும் இந்த ரோட்டோ? உங்கட ஆள் உங்களை விடுவாரெண்டெல்லோ நாங்கள் நினைச்சம்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு லொறி வந்தது. எல்லோரும் பனிச்சேற்றில் இறங்கி நின்று, அது போன பிறகு மீண்டும் ஏறினார்கள். திறப்பை நீட்டியதையும் தான் வாங்காமல் வந்ததையும் சொல்லலாமா என்று மனோரஞ்சிதம் யோசித்தாள். சொன்னால் நீட்டினார் என்பதை நம்புவார்கள். வாங்கவில்லை என்பதை நம்பமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு, முன்னால் போகிறவளின் அடிச்சுவட்டைப் பார்த்து நடந்தாள்.