தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்வரை

எழுபதுகளில், மயிலாப்பூர் லேடி டாக்டரிடம் குழந்தை வேண்டி வந்தவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் இருப்பாள் அவள். சாந்தோம் குப்பத்துக்காரி. உயரமான உருவம், சாயாமல் நிமிர்ந்தே உட்காருவாள். கட்டம் போட்ட தாளைச் சுருட்டி இடுப்பில் செருகியிருப்பாள். பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

எங்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். மாதவிலக்கான ஐந்தாம் நாளிலிருந்து மாத்திரை. தினமும் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், பேசாமல், ஐந்து நிமிடம் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்து, சூட்டைத் தாளில் புள்ளியாகக் குறிக்க வேண்டும். சூடு ஏறினால் கருமுட்டை வெளியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு காத்திருக்க வேண்டும்.

மாமியார் கூப்பிட்டதும் எழுந்து ஓடிவிடுவதால் என் தாள் பாதி காலியாகவே இருந்தது. பெஞ்சில் அதை எட்டிப் பார்த்த குப்பத்துக்காரி சொன்னாள்:

"எங்க மாமியாவும்தான் காலைல வந்து நிக்கும். 'இன்னாடி, இந்த மாசமாச்சும் தள்ளிப் போச்சா'ன்னு கேக்கும். நான் வாய்ல கீற தெர்மாமீட்டர காட்டுவேன். பேசக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீது. அஞ்சு நிமிசம்னாங்க, நான் அரை மணி வெச்சிக்கினு படுத்துக்கினு கீறேன்க்கா."

"குழந்தை உண்டாகலைன்னா?"

"அப்பவும் அந்த அரை மணி என்னுதுதான்."

பிறகு அவள் வருவது நின்றது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, இனிப் பயனில்லை, சூடு பார்க்க வேண்டாம் என்று டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மாமியார் என் அறை வாசலில் நின்று கூப்பிட்டார். நான் தெர்மாமீட்டரை உதறி, நாக்கின் அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன்.