கறுப்பின் முறை

இருபது வருடத்தில் என் கூட்டாளி செஸ்ஸில் என்னை ஒருமுறைகூட வென்றதில்லை. இருவரும் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே அறையில் கிளார்க்காக இருந்தவர்கள். சிறுநீரகம் பழுதாகி அவன் கப்பல்துறைக் கிராமத்தில் வீட்டோடு முடங்கிய பிறகு, ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு விளையாடினோம்.

“மச்சான், உன்னை ஒருக்கா வெண்டுபோட்டுத்தான் சாவன்,” என்பான்.

“அப்ப நூறு வயசு வரைக்கும் இருப்பாய்,” என்பேன். என் வாய்க்கொழுப்பு அப்படி.

கடைசி ஆட்டத்தில் ஐந்தே காய்கள் மிஞ்சின. அவனிடம் கறுப்பு ராசா, கோட்டை, ஒரு சிப்பாய். என்னிடம் வெள்ளை ராசாவும் கோட்டையும். நேரம் முடிந்து தாதி பலகையை எடுக்கச் சொன்னார். நான் போனில் படம் எடுத்தேன். அவன் காய்கள் நின்ற நிலையை ஒரு கடதாசியில் கீறிக்கொண்டான்.

“இது எனக்குத்தான். அடுத்த கிழமை முடிப்பன்,” என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து கனகாலம்.

ஏழு காய்களுக்குள் வரும் எல்லா நிலைகளையும் கடைசி நகர்வு வரை கணக்கிட்டு வைத்த அட்டவணை இணையத்தில் இருக்கிறது. அதில் பிழை வராது. வீட்டுக்குப் போன கையோடு படத்தைப் பார்த்துக் காய்களை அடுக்கினேன். ஆட்டம் சமன், யாருக்கும் வெற்றியில்லை என்றது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? உடனே அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“எனக்கெண்டா அப்பிடித் தெரியேல்லை மச்சான். விளையாடிப் பாப்பம்.”

“முடிவு தெரிஞ்ச ஆட்டத்தை என்னத்துக்கு விளையாடுறது? உனக்கு விளங்காது, விடு.”

“சரி,” என்றான். நாலாம் நாள் செத்துப்போனான்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் போனேன். அவன் படத்துக்கு முன்னால் வடை, மீன் பொரியல், சிகரெட் என்று அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். பக்கத்தில் செஸ் பலகை. அவன் மனைவிக்கு விளையாடத் தெரியாது.

“அவர் கீறினதைப் பாத்து அடுக்கினனான் அண்ணை. பிழையெண்டாச் சொல்லுங்கோ,” என்று கடதாசியை நீட்டினார். கீறிய கட்டங்களுக்குக் கீழே அவன் கையெழுத்தில்: கறுப்பின் முறை.

யாருடைய முறை என்று நாம் மாற்றாவிட்டால் அந்த அட்டவணை வெள்ளையின் முறை என்றே எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு நான் மாற்றவேயில்லை. வாசல் படலையடிக்குப் போய், போனில் மறுபடி அடுக்கி, முறையை மாற்றினேன். கறுப்புக்கு வெற்றி. எந்தக் காயை முதலில் நகர்த்த வேண்டும் என்றுகூடக் காட்டியது.

உள்ளே வந்தேன்.

“என்ன அண்ணை, பிழையோ?”

“ஓம் தங்கச்சி. பிழை என்ரதான். அவன் வெண்டிட்டான்.”

“அண்டைக்கு உங்களோட கதைச்சிட்டுப் போனை வைச்ச பிறகு, தனக்கு மூளையும் பழுதாப் போச்செண்டு அழுதவர்,” என்றார். பிறகு, “இலை போட்டாச்சு, சாப்பிட வாங்கோ,” என்று கூப்பிட்டார்.