வளைக்குள் போன கை

வயல் எலியின் வளைக்குள் யார் கையை நுழைக்கிறாரோ, அவர்தான் பங்கு பிரிக்க வேண்டும். சீர்காழிக்குக் கிழக்கே இருந்த எங்கள் இருளர் குடியிருப்பில் அதுதான் வழக்கம். கை நுழைப்பது ஆண்கள் வேலை. பானையில் வைக்கோலைப் புகைய வைத்து வளைக்குள் ஊதுவது பெண்கள் வேலை. உள்ளே பாம்பு இருந்தாலும் இருக்கும் என்பதால், நுழைத்தவர் வீட்டுக்கு இரண்டு பங்கு. எலி கறிக்கு ஆகும். அது உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெற்கதிர் சோற்றுக்கு.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு வெளியேற்ற மிராசுதாரின் ஆட்கள் வந்தார்கள். வரப்பில் சங்கக் கொடியோடு மறித்து நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். அந்த நிலத்தில் எங்களுக்கு ஒரு குழி அளவுகூடச் சொந்தமில்லை. வலது கை உடைந்து வீடு திரும்பினார்.

அறுவடை முடிந்தது. பல வருஷமாகக் கை நுழைத்து வந்தவர் அப்பாதான். அந்த இடத்துக்கு இனி பெரியப்பா என்று பேசிக்கொண்டார்கள். ஒருமுறை கைமாறினால் அது திரும்பி வராது என்று அம்மாவுக்குத் தெரியும். வயலில் எல்லோரும் கூடியபோது, ஊதிக்கொண்டிருந்த பானையைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை தான் நுழைப்பதாகச் சொன்னாள்.

பெரியப்பா சிரித்தார். "பொம்பள கைய வச்சா வளை தூந்துபோவும்."

"தூந்தா நான் தோண்டிக்கிறேன் மாமா. நீங்க நெழலா பாத்து உக்காருங்க."

குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டாள். கிட்டே போன என்னைக் காலால் உதைத்துத் தள்ளினாள். அழுதேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடை நிறைந்தபோது அவள் விரல்களில் கடிபட்ட ரத்தம்.

பெரியப்பாவே கூடையை அவள் முன்னால் நகர்த்தினார். "பிரி, புள்ள." அவர் அவளிடம் முகம் பார்த்துப் பேசியது அன்றுதான்.

அம்மா கூடையைத் தொடவில்லை. கட்டுப் போட்ட கையோடு ஓரமாக நின்ற அப்பாவைப் பார்த்தாள். "நீங்க பிரிங்க. ஒங்க கைக்குப் பதிலாத்தான் நான் வச்சேன்."

அப்பா இடது கையால் மெதுவாகப் பிரித்தார். முதலில் அம்மாவின் முன்னால் இரண்டு பங்கு வைத்தார். வென்றதை இப்படிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வேலைக்குப் போகிறேன். வீட்டில் கணவருக்காக எதையாவது விட்டுக்கொடுக்கும்போதெல்லாம் அந்த வயல் ஞாபகம் வருகிறது. அம்மா அப்பாவை நிமிர்த்தினாளா, இல்லை ஊரார் முன்னால் அவருடைய உடைந்த கையைக் காட்டிவிட்டாளா? ஒரு நாள் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

பங்கு பிரித்த அன்று மாலை அம்மா அந்த நெல்லைக் குத்திச் சோறாக்கினாள். அப்பா இடது கையால்கூடத் தட்டைத் தொடவில்லை. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நானே பிசைந்து ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மா, தான் ஊட்டுவதாக ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.